உள் வகுப்புக்கு மட்டும் பிரைவேட் எப்படித் திறக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜாவா வகுப்புக்குள் இன்னொரு வகுப்பை எழுதியிருக்கிறீர்கள். வெளி வகுப்பின் பிரைவேட் புலத்தை (வெளியார் தொடக்கூடாது என்று குறித்த மாறியை) உள் வகுப்பு தடையின்றிப் படிக்கிறது. உள் வகுப்பின் பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரை (பொருளை உருவாக்கும் பகுதியை) வெளி வகுப்பும் அழைக்கிறது. ஆனால் கம்பைல் செய்தபின் பார்த்தால் இரண்டும் தனித்தனி கிளாஸ் கோப்புகளாக இருக்கின்றன. ‘தனிக் கோப்பு என்றால் தனி வகுப்பு, அப்படியிருக்க, நிரலை ஓட்டும் இயந்திரமான ஜேவிஎம் எப்படி இதை அனுமதிக்கிறது?’ என்பது உங்கள் முதல் ஐயம். ஜாவா 8-இல் கம்பைல் செய்தபோது, பெயரில்லாத (அநாமதேய) வகுப்பு எதையும் எழுதாமலேயே பெயருக்குப் பின்னால் டாலர் 1 ஒட்டிய ஒரு மர்மக் கோப்பு கிடைத்தது. 17-க்கு மாறியதும் அது காணாமல் போனது. இது ஏன் என்பது இரண்டாவது ஐயம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: பிரைவேட் என்ற சொல்லுக்கு ஜாவா மொழி ஓர் எல்லையையும், ஜேவிஎம் வேறோர் எல்லையையும் வைத்திருந்தன. 1997 முதல் 2018 வரை இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கம்பைலர்தான் சத்தமில்லாமல் நிரப்பி வந்தது.

மொழியின் விதியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஜாவா மொழி வரையறையின் 6.6.1 பிரிவு, பிரைவேட் உறுப்பை ‘அதை அறிவித்த வகுப்புக்குள் மட்டும்’ அணுகலாம் என்று சொல்லவில்லை. அந்த அறிவிப்பைச் சூழ்ந்திருக்கும் ஆக வெளிப்புற வகுப்பின் உடலுக்குள் எங்கிருந்தும் அணுகலாம் என்றே சொல்கிறது. வீட்டுக்குள் எத்தனை அறை இருந்தாலும் பூட்டு வாசற்கதவுக்கு மட்டும்தான் என்பது போல. ஆகவே உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே, ஒரே வகுப்புக்குள் இருக்கும் இரண்டு உள் வகுப்புகளுக்கு இடையே என எல்லாத் திசையிலும் அனுமதி உண்டு. அதேசமயம் ஒரே மூலக்கோப்பில் அடுத்தடுத்து எழுதப்பட்ட, ஒன்றுக்குள் ஒன்று இல்லாத இரண்டு வகுப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. கணக்கில் வருவது கோப்பு அல்ல, வெளிப்புற வகுப்பின் அடைப்புக்குறிகள்தான். இது எல்லா மொழிகளுக்கும் பொதுவான வழக்கமும் அல்ல. சி ஷார்ப்பில் உள் வகுப்பு வெளி வகுப்பின் பிரைவேட்டைத் தொடலாம், ஆனால் வெளி வகுப்பு உள் வகுப்பின் பிரைவேட்டைத் தொட முடியாது. கோட்லினும் வெளி வகுப்புக்கு அந்த உரிமையைத் தரவில்லை. இரு திசையிலும் திறந்துவிட்டது ஜாவாவின் தாராளம். அது தேவைதானா என்பதில் எனக்கு எப்போதும் ஓர் அரைமனது உண்டு.

இப்போது ஜேவிஎம்மின் பக்கம். உள் வகுப்புகள் ஜாவாவுக்கு வந்தது 1997 பிப்ரவரியில் வெளியான 1.1 பதிப்பில். அப்போதே ஜேவிஎம்கள் பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ‘ஒன்றுக்குள் ஒன்று’ என்ற கருத்தே தெரியாது. அவற்றின் பார்வையில் ஒவ்வொரு கிளாஸ் கோப்பும் தனி உலகம். பிரைவேட் என்றால் அந்த ஒரே கோப்புக்குள். இயந்திரத்தின் விதியை மாற்றினால் பழைய இயந்திரங்களில் புதிய நிரல்கள் ஓடாது என்பதால், சன் நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் எல்லாச் சுமையையும் கம்பைலரின் தலையில் ஏற்றினார்கள். இன்னர்கிளாசஸ் என்ற ஒரு குறிப்புப் பட்டியல் கிளாஸ் கோப்பில் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆனால் அணுகல் உரிமையைச் சோதிக்கும்போது ஜேவிஎம் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அது கம்பைலருக்கும் ரிஃப்ளெக்‌ஷனுக்கும் (ஓடும்போதே வகுப்புகளை ஆராயும் வசதிக்கும்) தகவல் சொல்வதற்கான ஏடு மட்டுமே. உள் வகுப்பையே நீங்கள் பிரைவேட் என்று அறிவித்தாலும், கிளாஸ் கோப்பில் அது பேக்கேஜ் (வகுப்புகளின் தொகுப்பு) அளவில் திறந்த வகுப்பாகத்தான் எழுதப்படும். புரொடெக்டட் என்றால் பப்ளிக் ஆகிவிடும். நீங்கள் எழுதிய அசல் சொல் அந்த ஏட்டில் மட்டும் பதிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசுவது எளிது. ஜாவாவில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், கணக்கு என்றொரு வெளி வகுப்பு, அதில் இருப்பு என்ற பிரைவேட் முழுஎண் புலம், உள்ளே பதிவு என்ற சாதாரண உள் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பதிவின் ஒரு மெத்தட் இருப்பைப் படிக்கிறது. ஜாவா 8 கம்பைலர் இதைப் பார்த்ததும், கணக்கு$பதிவு என்ற தனி வகுப்பு கணக்கின் பிரைவேட் புலத்தை நேராகத் தொட்டால் ஜேவிஎம் இல்லீகல்ஆக்சஸ் பிழையை வீசும் என்பதை அறிந்து, கணக்கு வகுப்புக்குள் யாரும் எழுதாத ஒரு ஸ்டாடிக் மெத்தடைச் செருகுகிறது. அதன் பெயர் ஆக்சஸ்$000. ஒரு கணக்குப் பொருளை வாங்கிக்கொண்டு அதன் இருப்பைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் வேலை. அது பிரைவேட்டாக இருந்தால் பயனில்லை என்பதால் பேக்கேஜ் அளவில் திறந்ததாக இருக்கும். மனிதர் எழுதியது அல்ல என்பதைக் காட்டச் சின்தெட்டிக் என்ற முத்திரையும் அதன்மேல் விழும். பதிவு வகுப்பில் இருப்பு என்று நீங்கள் எழுதிய இடமெல்லாம் இந்த மெத்தடுக்கான அழைப்பாக மாறிவிடும். உள் வகுப்பின் பிரைவேட்டை வெளி வகுப்பு தொடும்போது இதே ஏற்பாடு எதிர்த்திசையில், உள் வகுப்புக்குள் நடக்கும்.

அந்த மூன்று இலக்கத்துக்கும் பொருள் உண்டு. பழைய ஸ்டாக் ட்ரேஸ்களை (பிழை நேர்ந்த இடத்தின் அழைப்புப் பட்டியல்களை) படிக்கும்போது அது கைகொடுக்கும். ஜாவாசி கம்பைலரின் வழக்கப்படி கடைசி இரண்டு இலக்கங்கள் செயலைக் குறிக்கும்; அவற்றுக்கு முன்னால் இருப்பது எத்தனையாவது உறுப்பு என்ற வரிசை எண். ஆக, ஆக்சஸ்$000 என்பது முதல் உறுப்பைப் படிப்பது அல்லது அழைப்பது. ஆக்சஸ்$100 இரண்டாவது உறுப்பை. ஆக்சஸ்$002 என்றால் முதல் உறுப்புக்கு மதிப்பு இடுவது, ஆக்சஸ்$008 என்றால் அதைப் பயன்படுத்தியபின் ஒன்று கூட்டுவது, ஆக்சஸ்$012 என்றால் முழுஎண்ணோடு கூட்டி அதிலேயே வைப்பது. இருப்பைப் படித்து, ஒன்று கூட்டி, வேறோர் இடத்தில் புதிய மதிப்பும் இட்டால் ஒரே புலத்துக்கு மூன்று மெத்தடுகள் முளைத்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்தப் பெயரிடல் எந்த வரையறையிலும் இல்லை, இது ஜாவாசியின் உள்வழக்கம் மட்டுமே. எக்லிப்ஸின் கம்பைலர் ஆக்சஸ்$0, ஆக்சஸ்$1 என்று வேறு விதமாக எண்ணிடும். எனவே இவற்றை ஆராயும்போது துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, இவற்றை நம்பி எந்த நிரலையும் எழுதக்கூடாது. நீங்களே ஆக்சஸ்$000 என்ற பெயரில், அதே வகை அளவுருக்களுடன் ஒரு மெத்தடை எழுதிவைத்தால், கம்பைலர் உருவாக்கிய பெயரோடு மோதுகிறது என்று பிழை வரும். டாலர் குறியை இயந்திரம் உருவாக்கும் பெயர்களுக்கு விட்டுவிடுங்கள் என்று மொழி வரையறை சொல்வது சும்மா அல்ல.

புலத்துக்கும் மெத்தடுக்கும் இந்த ஏற்பாடு போதும், கன்ஸ்ட்ரக்டருக்குப் போதாது. உங்கள் மர்மக் கோப்பு பிறந்த இடம் இதுதான். மெத்தடுக்குப் புதுப்பெயர் வைக்கலாம், கன்ஸ்ட்ரக்டருக்கு வைக்க முடியாது. ஜேவிஎம்மில் எல்லாக் கன்ஸ்ட்ரக்டருக்கும் ஒரே பெயர்தான். ஆகவே பிரைவேட் கன்ஸ்ட்ரக்டருக்குப் பக்கத்தில் பேக்கேஜ் அளவில் திறந்த இன்னொரு கன்ஸ்ட்ரக்டரை உருவாக்க வேண்டுமானால், அளவுருக்களின் பட்டியலில்தான் வேறுபாடு காட்ட முடியும். முழுஎண்ணையோ சரத்தையோ கூடுதலாக வைத்தால், நீங்களே அதே வடிவில் ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதியிருக்கக்கூடும்; அப்போது மோதல். வேறு யாரும் பயன்படுத்த வாய்ப்பில்லாத ஒரு வகை வேண்டும். அதற்காகவே கம்பைலர் கணக்கு$1 என்ற காலி வகுப்பை உருவாக்கி, அந்த வகையில் ஒரு கூடுதல் அளவுருவைச் சேர்த்து, அழைக்கும் இடத்தில் அதற்கு நல் (null), அதாவது வெற்று மதிப்பை அனுப்புகிறது. அந்த வகுப்பில் ஒரு பொருள்கூட ஒருபோதும் உருவாவதில்லை. அது ஓர் அடையாள அட்டை மட்டுமே. கணக்கு$1 என்ற பெயரில் ஏற்கெனவே உங்கள் அநாமதேய வகுப்பு ஒன்று இருந்தால், ஜாவாசி புதிதாக எதையும் உருவாக்காமல் அதையே அடையாளமாக எடுத்துக்கொள்ளும்.

‘நான் பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரே எழுதவில்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். கன்ஸ்ட்ரக்டர் எதுவும் எழுதாவிட்டால் கம்பைலர் தானாக ஒன்றைச் சேர்க்கும். அதன் அணுகல் அளவு வகுப்பின் அணுகல் அளவேதான். உள் வகுப்பைப் பிரைவேட் என்று அறிவித்துவிட்டு, கன்ஸ்ட்ரக்டரை எழுதாமல் விட்டால், தானாக வரும் கன்ஸ்ட்ரக்டரும் பிரைவேட் ஆகிவிடும். வெளி வகுப்பிலிருந்து அதில் ஒரு பொருளை உருவாக்கிய கணமே கணக்கு$1 கோப்பு வந்து உட்கார்ந்துவிடும். இணைப்புப் பட்டியலுக்குப் பிரைவேட் ஸ்டாடிக் நோடு வகுப்பு எழுதும் பல கல்லூரிப் பயிற்சிகளில் இந்தக் கோப்பு பிறந்திருக்கும், கவனித்தவர்கள் குறைவு.

சில இடங்களில் இந்த மெத்தடுகள் தேவைப்படுவதில்லை. பிரைவேட் ஸ்டாடிக் ஃபைனலாக அறிவித்து, கம்பைல் நேரத்திலேயே தெரிந்த எண்ணையோ சரத்தையோ வைத்திருந்தால், அந்த மதிப்பே நேராகப் பயன்படும் இடத்தில் பதிந்துவிடும். பெயரில்லாத சிறு செயல்களான லாம்டாக்களின் கதை இன்னும் சுவையானது. அநாமதேய வகுப்பு தனிக் கிளாஸ் கோப்பாக மாறுவதால் அதற்கு ஆக்சஸ் மெத்தட் தேவைப்பட்டது. அதே வேலையைச் செய்யும் லாம்டாவின் உடலோ, அதைச் சூழ்ந்திருக்கும் வகுப்பிலேயே ஒரு பிரைவேட் மெத்தடாக எழுதப்படுகிறது. எனவே ஜாவா 8-இல்கூட லாம்டா தன் வகுப்பின் பிரைவேட்டை இடைத்தரகர் இல்லாமல் தொட்டது. உள் வகுப்பில் எழுதிய லாம்டா அதற்கும் வெளியே உள்ள வகுப்பின் பிரைவேட்டைத் தொட்டால் மட்டும் பழைய கதை திரும்பும்.

இந்த ஏற்பாட்டின் விலை என்ன? வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள்; எனக்கு அது கடைசிக் கவலை. ஒரு முழுஎண் புலத்தைப் படித்துத் தரும் ஆக்சஸ் மெத்தட் 5 பைட் பைட்கோட் மட்டுமே. ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம் 35 பைட் வரையிலான சிறு மெத்தடுகளை அழைக்கும் இடத்திலேயே கரைத்துவிடுவது அதன் இயல்பு அமைப்பு என்பதால், சூடான பாதையில் இந்த அழைப்பு மறைந்துபோகும். நான் அளந்து பார்த்த சில நிரல்களில் வேறுபாடு அளவீட்டின் சத்தத்துக்குள்ளேயே அடங்கியது. ஆனால் என் சில நிரல்களை வைத்து உங்கள் நிரலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆண்ட்ராய்டில் நிலைமை வேறாக இருந்தது. ஆண்ட்ராய்டு நிரல் அடங்கும் ஒரு டெக்ஸ் கோப்பில் 65,536 மெத்தட் குறிப்புகளுக்கு மேல் இடமில்லை; ஒவ்வொரு ஆக்சஸ் மெத்தடும் அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உள் வகுப்புகள் தொடும் உறுப்புகளில் பிரைவேட் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று அக்கால ஆண்ட்ராய்டு நிரலாளர்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு உறுத்தலாக இருந்தது பாதுகாப்புப் பக்கம். இருப்பு பிரைவேட் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உள் வகுப்பு அதைத் தொட்ட நிமிடமே, அதே பேக்கேஜில் உள்ள எந்த வகுப்புக்கும் ஒரு பக்கக்கதவு திறந்துவிட்டது. சாதாரண ஜாவா நிரலிலிருந்து அந்த மெத்தடை அழைக்க முடியாது, ஏனெனில் சின்தெட்டிக் முத்திரை உள்ள உறுப்புகளைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. ஆனால் அதே பேக்கேஜிலிருந்து ரிஃப்ளெக்‌ஷன் வழியாக ஆக்சஸ்$000 என்ற பெயரைத் தேடி, ஒரு கணக்குப் பொருளைக் கொடுத்து அழைத்தால், அணுகலைத் திறக்கச் சொல்லும் செட்ஆக்சசிபிள் வரிகூட இல்லாமல் இருப்பு கைக்கு வந்துவிடும். மதிப்பு இடும் மெத்தடும் உருவாகியிருந்தால் மாற்றியும் விடலாம். பேக்கேஜை முத்திரையிட்ட ஜார் கோப்புகளில் இதற்கு வழி குறைவு. நடைமுறையில் அப்படி முத்திரையிட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. இதைப் பெரிய ஓட்டை என்று ஊதிப்பெருக்கவும் நான் விரும்பவில்லை. உங்கள் பேக்கேஜுக்குள் நிரலை நுழைக்க முடிந்த ஒருவருக்கு வேறு வழிகளும் இருந்திருக்கும். ஆனால் பிரைவேட் என்று எழுதினால் பிரைவேட்டாகவே இருக்கும் என்று நம்பியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு நேரடியாக அடி விழுந்தது யாரும் எதிர்பாராத ஒரு மூலையில். நான் பணியாற்றிய ஒரு குழுவில், வட்டில் பொருள்களைச் சீரியலைஸ் செய்து (பைட்டுகளாக மாற்றி) சேமித்துவந்த ஒரு சேவையை ஜாவா 8-இலிருந்து 11-க்கு மாற்றினோம். மூல நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. ஓடத் தொடங்கியதும், பழைய பொருள்களைப் படிக்க முடியாது, வகுப்பின் பதிப்பு எண் பொருந்தவில்லை என்று இன்வேலிட்கிளாஸ் பிழை கொட்டியது. ஒரு முழு நாள் தேடியபின்தான் விளங்கிற்று. சீரியல்வெர்ஷன்யூஐடி என்ற அந்தப் பதிப்பு எண்ணை நாம் எழுதாவிட்டால், ஜாவா அதைத் தானே கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் பிரைவேட் அல்லாத மெத்தடுகள் எல்லாம், சின்தெட்டிக் முத்திரை உள்ளவை உட்பட, சேர்கின்றன. உள் வகுப்புக்காக உருவான ஆக்சஸ் மெத்தடுகளும் அதில் இருந்தன. 11-ஐ இலக்காக வைத்துக் கம்பைல் செய்ததும் அவை மறைந்தன, எண் மாறிவிட்டது. கணக்கிடப்படும் இந்த எண் கம்பைலருக்குக் கம்பைலர் வேறுபடலாம் என்று ஆவணத்தில் பல ஆண்டுகளாகவே எச்சரித்திருக்கிறார்கள். படித்திருந்தோம், நம்மைத் தொடாது என்று இருந்துவிட்டோம். நீங்களும் சீரியலைசேஷன் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மாறுவதற்கு முன் பழைய எண்ணைச் சீரியல்வெர் கருவியால் எடுத்து வகுப்பிலேயே எழுதிவிடுங்கள். பழைய கிளாஸ் கோப்புகளை அப்படியே புதிய ஜேவிஎம்மில் ஓட்டினால் இந்தச் சிக்கல் வராது என்பதையும் சொல்ல வேண்டும். மீண்டும் கம்பைல் செய்வதுதான் எண்ணை மாற்றுகிறது.

அப்படி 11-இல் என்ன மாறியது? 2018 செப்டம்பரில் வெளியான ஜாவா 11, ஜேஈபி 181 என்ற முன்மொழிவின் வழியாக, ‘ஒன்றுக்குள் ஒன்று’ என்பதை ஜேவிஎம்முக்கே கற்றுக்கொடுத்தது. ஒரு வெளிப்புற வகுப்பும் அதற்குள் எத்தனை ஆழத்தில் இருந்தாலும் எல்லா வகுப்புகளும் சேர்ந்து ஒரு நெஸ்ட், அதாவது ஒரு கூடு. கூட்டில் அடுக்குகள் இல்லை; மூன்றாம் மட்டத்தில் இருக்கும் அநாமதேய வகுப்பும் ஆக வெளிப்புற வகுப்பையே தலைவராகக் குறிக்கும். உறுப்பு வகுப்பின் கிளாஸ் கோப்பில் நெஸ்ட்ஹோஸ்ட் என்ற குறிப்பு ‘என் தலைவர் இவர்’ என்று சொல்லும். தலைவரின் கோப்பில் நெஸ்ட்மெம்பர்ஸ் என்ற பட்டியல் ‘என் உறுப்பினர்கள் இவர்கள்’ என்று சொல்லும். இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் இதன் நுட்பம். உறுப்பு சொல்வதை மட்டும் நம்பினால், யார் வேண்டுமானாலும் ஒரு கிளாஸ் கோப்பைத் தயாரித்து ‘நானும் இந்தக் கூட்டுக்காரன்தான்’ என்று உள்ளே நுழைந்துவிடலாம். மேலும் இருவரும் ஒரே பேக்கேஜிலும் ஒரே கிளாஸ்லோடரிலும் (வகுப்புகளை நினைவகத்தில் ஏற்றும் பகுதியிலும்) இருக்க வேண்டும். ஒரு வகுப்பு இன்னொன்றின் பிரைவேட்டைத் தொடும் தருணத்தில்தான் ஜேவிஎம் இந்தச் சோதனையைச் செய்கிறது. தொடாதவர்களுக்குச் சோதனை இல்லை.

கம்பைலரின் வேலை இதனால் சட்டென்று எளிதாகிவிட்டது. 11 அல்லது அதற்கு மேற்பட்ட இலக்குக்கு, பதிவு வகுப்பு இருப்பு புலத்தை நேராகவே படிக்கிறது. ஆக்சஸ் மெத்தடும் இல்லை, காலி வகுப்பும் இல்லை. பிரைவேட் மெத்தடை அழைப்பதில் மட்டும் ஒரு சிறு திருத்தம் தேவைப்பட்டது. முன்பு பிரைவேட் மெத்தடுகளை இன்வோக்ஸ்பெஷல் என்ற கட்டளையால் அழைத்தார்கள். ஆனால் அந்தக் கட்டளை தன் வகுப்பின் பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும், பக்கத்து வகுப்பின் பொருளுக்குப் பொருந்தாது. ஆகவே இப்போது சாதாரண மெத்தடுகளுக்கான இன்வோக்வெர்ச்சுவல் கட்டளையே பயன்படுகிறது. கீழ் வகுப்பில் அதே பெயரில் ஒரு மெத்தட் இருந்தால் தவறுதலாக அது ஓடிவிடாதா என்ற கேள்வி எழும், ஓடாது. தேடிக் கண்ட மெத்தட் பிரைவேட் என்றால் அதையே ஓட்ட வேண்டும், மேற்கொண்டு தேடக்கூடாது என்று ஜேவிஎம் வரையறை தெளிவாக்கிவிட்டது. ரிஃப்ளெக்‌ஷனிலும் நெடுநாள் முரண்பாடு ஒன்று தீர்ந்தது: உள் வகுப்பிலிருந்து நேராக எழுதினால் செல்லுபடியான பிரைவேட் அழைப்பு, ரிஃப்ளெக்‌ஷன் வழியாகச் செய்தால் 10 வரை மறுக்கப்பட்டது, 11 முதல் அதுவும் செல்லும். ஒரு வகுப்பின் கூட்டுத் தலைவர் யார் என்று கேட்க கெட்நெஸ்ட்ஹோஸ்ட் என்ற மெத்தடும் வந்தது.

இவ்வளவுக்குப் பின்னும், ‘உள் வகுப்புதானே, பிரைவேட் எல்லாம் கிடைக்கும்’ என்று நினைக்கும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. அது ஜேவிஎம்மால் வருவதல்ல, மொழியின் விதியால் வருவது. எந்தப் பதிப்பிலும் மாறவில்லை. பதிவு வகுப்பு கணக்கு வகுப்புக்குள் இருப்பதோடு, கணக்கையே மரபாகவும் பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்குள் ‘திஸ் புள்ளி இருப்பு’ என்று எழுதினால், இருப்பு கணக்கில் பிரைவேட் என்று கம்பைலர் மறுக்கும். அணுக உரிமை இருக்கும்போது ஏன் மறுப்பு? அணுகுவது வேறு, மரபாகப் பெறுவது வேறு. பிரைவேட் உறுப்பு கீழ் வகுப்புக்கு மரபாக வருவதில்லை. பதிவு என்ற வகையின் உறுப்புகளில் இருப்பு என்று எதுவும் இல்லை. ‘சூப்பர் புள்ளி இருப்பு’ என்று எழுதினாலோ, பொருளைக் கணக்கு வகைக்கு மாற்றிக்கொண்டு எழுதினாலோ அதே புலம் உடனே கிடைக்கும். இதைவிட மோசம், முன்னால் எதுவும் இல்லாமல் வெறும் இருப்பு என்று எழுதுவது. பதிவு ஸ்டாடிக் வகுப்பாக இருந்தால் பிழை வந்து தப்பித்துவிடுவீர்கள். ஸ்டாடிக் இல்லாத உள் வகுப்பாக இருந்தால், கம்பைலர் மரபுவழியில் கிடைக்காததை வெளி வகுப்பில் தேடி, சூழ்ந்திருக்கும் கணக்குப் பொருளின் இருப்பை எடுத்துக்கொள்ளும். உங்கள் பொருளின் இருப்பை அல்ல. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, எண் மட்டும் தவறாக வரும். மரபுறவும் உள்ளமைவும் சேர்ந்த ஒரு நிரலை நான் மதிப்பாய்வு செய்தால், முதலில் தேடுவது இதைத்தான். ஜெனரிக்ஸிலும் இதே தர்க்கம்தான்: கணக்கை மேல்வரம்பாகக் கொண்ட ஒரு வகை மாறி வழியாக இருப்பைத் தொட, ஜாவா 7 முதல் கம்பைலர் விடுவதில்லை.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்குத் திரும்புகிறேன். கோப்பு வருவதும் வராததும் எந்த ஜேடிகே (ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பு) நிறுவியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல, எந்தப் பதிப்பை இலக்காக வைத்துக் கம்பைல் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 17-இன் கம்பைலரிடமே ரிலீஸ் 8 என்று சொன்னால், அது பழையபடி ஆக்சஸ் மெத்தடுகளையும் கணக்கு$1-ஐயும் உருவாக்கும், ஏனெனில் அந்தக் கோப்புகள் கூடு என்பதே தெரியாத ஜேவிஎம்மில் ஓட வேண்டியவை. ஆண்ட்ராய்டுக்கான டி8 கருவியும், பழைய சாதனங்களுக்காக, நெஸ்ட் குறிப்புகளைப் படித்துத் தானே இணைப்பு மெத்தடுகளை உருவாக்கிக்கொள்கிறது. கண்ணால் பார்த்து உறுதிசெய்ய விரும்பினால், கிளாஸ் கோப்பைப் பிரித்துக் காட்டும் ஜாவாபி கருவியை விரிவான வெளியீட்டுடனும், பிரைவேட் உறுப்புகளையும் காட்டச் சொல்லியும் கணக்கு வகுப்பின்மேல் ஓட்டுங்கள். கோப்பின் பதிப்பு எண் 52 என்றால் ஜாவா 8 இலக்கு. ஆக்சஸ் மெத்தடுகள் பட்டியலில் தெரியும். 55 அல்லது அதற்கு மேல் என்றால் அவற்றுக்குப் பதிலாக அடியில் நெஸ்ட்மெம்பர்ஸ் வரி இருக்கும். 17-க்கு மாறிய பின்னும் வெளியீட்டுக் கோப்புறையில் கணக்கு$1 கிடக்கிறது, அநாமதேய வகுப்பும் உங்கள் நிரலில் இல்லை என்றால், அது பெரும்பாலும் முந்தைய பில்டின் மிச்சம். கோப்புறையைத் துடைத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் போய்விடும்.